கிழக்குச் சுவரோரம் ஒரு கிடங்கு

அத்தியாயம் 16

கம்பெனிப் பூஜையும் வங்கிக்காரர்கள் வருகையும் ஒரே நாளில் வந்து விழுந்தால் பத்திரகாளி என்னதான் செய்வாள்? காலையில் அண்ணன் கம்பெனிக்குப் பட்டுப்புடவை. மத்தியானம் காளையார்பட்டி நகராட்சியின் திட்ட அலுவலராகப் பருத்திப்புடவை. பையில் மாற்றுப்புடவையோடு கிளம்பியவளைப் பார்த்து அவள் கணவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே நாள்ல ரெண்டு கல்யாணமா?" என்றான்.

"அப்படித்தான் வச்சுக்கோங்க" என்று அவளும் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள்.

மூன்று வருஷமாக அவள் ஒரு திட்டத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்ததைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் அறிவார்கள். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. காளையார்பட்டி பட்டாசை மட்டுமே நம்பிய ஊர். வடக்கே ஒரு தடை, கோர்ட்டில் ஒரு கேஸ் என்று வந்தால் எம். புதுப்பட்டியிலிருந்து ஆனைக்குட்டம் வரை வீடு வீடாக அடுப்பு அணையும். இன்னொரு பிழைப்பும் வேண்டும் என்று மேடையேறிய எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பணம் எங்கே என்று கேட்டால் அவரவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

சின்ன ஊரை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதனால் பத்திரகாளி அக்கம்பக்கத்துச் சின்ன ஊர்கள் ஐந்தை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கவைத்தாள். தனி ஆள் வாங்க முடியாத அச்சு மிஷினும் அட்டைப்பெட்டி மிஷினும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்; வாடகை கொடுத்து யாரும் ஓட்டலாம். மை கலந்த தண்ணீர் ஓடைக்குப் போகாமல் சுத்தமாகி மறுபடி வேலைக்கு வரும். கூரை முழுக்கச் சோலார். மல்லாங்கிணறு பக்கத்து மானாவாரிக் கொத்தமல்லியும் கம்பும் இங்கேயே புடைத்து, இங்கேயே அச்சடித்த பெட்டிக்குள் போகும். பொதுத் தொழிற்கூடம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

டெல்லியில் ஒரு வளர்ச்சி வங்கி சம்மதித்தது. ஊர் தன் பங்கைப் போட வேண்டும், நிலத்தில் தகராறு இருக்கக் கூடாது என்று இரண்டே நிபந்தனை.

ஊர்ப் பங்கைக் கொண்டுவந்தவன் அவள் அண்ணன் சரவணக்குமார். லோடுக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிவைக்கும் மகமையில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். மிஷின் வாங்க அதைத் தொட்டதில்லை. அண்ணன் கடை கடையாக ஏறி இறங்கினான். "என் தங்கச்சி போட்ட கணக்கு, தப்பாது" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சங்கம் தலையாட்டியது.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

தீபாவளி கழிந்து அடைத்திருந்த பட்டாசுக் கம்பெனி கார்த்திகையில் பூஜை போட்டுத் திறக்கும். முதல் பெட்டிக்கு முதல் லேபிளை வீட்டுப் பெண்தான் ஒட்ட வேண்டும். பத்திரகாளி பாவாடை கட்டிய வயசிலிருந்து ஒட்டுகிறாள். கல்யாணமாகிப் போன பிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை.

"காளி, கோணலா ஒட்டிராத. போன வருசம் அம்மன் தலை சாஞ்சு கெடந்துச்சு" என்றான் அண்ணன்.

"அதான் போன வருசம் லோடு பூராவும் வித்துச்சுல்ல?"

அவள் பசை தடவி ஒட்டினாள். குலவைச் சத்தம் கிளம்பியது. அப்பா சண்முகவேல் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் மனைவி ஆர்த்தி மதினி குங்குமம் வைத்துவிட்டாள். பத்திரகாளிக்கு மனசு நிறைந்திருந்தது.

போன பூஜைக்கும் இந்தப் பூஜைக்கும் நடுவில் அவள் இந்தக் கம்பெனிக்குள் கால் வைக்கவில்லை. திட்டம் போடுகிறவள் அண்ணன் கம்பெனிக்குப் போய்வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்ற பயம்தான். கம்பெனி வாசலைத் தாண்டும்போது வண்டியைக்கூட வேகமாக ஓட்டுவாள்.

"வா, உனக்கு ஒண்ணு காட்டணும். இம்புட்டு நாளும் உங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கேன்" என்று அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

வெடிமருந்து அறைகளைத் தாண்டி, கம்பெனி நிலத்தின் கிழக்குக் கோடியில் புதுக் கிடங்கு ஒன்று நின்றது. கனத்த சுவர், இரும்புக் கதவு, சுற்றிலும் மண்மேடு. கதவின் மேலே 'வேலம்மாள்' என்று எழுதியிருந்தது. அது அவர்களுடைய அம்மாவின் பெயர்.

"அம்மா பேரு" என்றான்.

கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தவள் மூக்கம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், செய்துமுடித்த சரக்கைப் பக்கத்து அறையில் அடுக்கிவைத்திருந்தபோது தீப்பிடித்ததில் தன் மகளைப் பறிகொடுத்தவள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சரவணக்குமார் அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"மனுசர் உக்காந்து வேலை பாக்குற அறைக்குப் பக்கத்துல இனிச் சரக்கு அடுக்க மாட்டேன்னு சொன்னேன்ல. சொன்னதைச் செஞ்சுட்டேன். எல்லாப் பெர்மிசனும் ஆகஸ்டுலயே வந்துருச்சு. இனிமே சரக்கு பூராவும் இங்கனதான். இது இல்லேன்னா நான் கம்பெனியையே பூட்டிருவேன், காளி. அந்தப் பிள்ளை மூஞ்சி எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது."

பத்திரகாளி கிடங்கைப் பார்க்கவில்லை. அதற்கப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாழ்வான கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். பூஜைக்காக அண்ணன் நேற்று அதை வெட்டவைத்திருந்தான். வெட்டிய இடத்தில், கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில், தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்த அளவுக்கல் ஒன்று தெரிந்தது. போன மாசம் அவளே நின்று ஊன்றவைத்த கல். தொழிற்கூடத்துக்கு ஊன்றியது.

"அது என்ன கல்லுண்ணே?" அவள் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"ரோட்டுக்கு அளந்திருப்பாக போல. அது நகராட்சிப் பொறம்போக்குத்தான? காலி நெலம். அதுக்காகத்தான கிடங்கை இந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டினேன்."

வெடிச்சரக்கு நிறைந்த கிடங்குக்கு அவ்வளவு பக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் கூடி வேலை பார்க்கிற கட்டடம் இருக்கக் கூடாது. அது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். கூடம் எழும்பினால் கிடங்கு நிற்காது. கிடங்கு நின்றால் கூடம் எழும்பாது.

இப்படியும் ஒரு தப்பு நடக்குமா என்று கேட்கிறீர்களா? நடந்துவிட்டது. முதலில் பார்த்த இடம் கண்மாய் ஓரம். அது ஊருக்கே தெரியும். அங்கே கட்டினால் கண்மாய்க்கு வரும் தண்ணீர் அடைபட்டுப்போகும் என்று பத்திரகாளிதான் வேண்டாமென்று எழுதினாள். செப்டம்பரில் இடத்தை மாற்றினார்கள். தீர்மானத்தில் வெறும் சர்வே நம்பர்தான் இருந்தது. சர்வே நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு திரிகிறவர்கள் யார்? அண்ணனிடம் சொன்னால் அக்கம்பக்கத்து நிலத்தை அவன் முன்கூட்டி வளைத்துப்போட்டான் என்று பேச்சு வரும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாங்கிவைத்த வரைபடமோ கிடங்கு கட்டுவதற்கு முந்தியது. தங்கையை அசத்த வேண்டும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்தினாலேயே கெட்டார்கள்.

கல்லைப் பார்த்த பிறகும் அவள் அண்ணனிடம் வாய் திறக்காததற்கு வேறொரு காரணம் உண்டு. அது காலைப் பலகாரத்தின்போது வந்தது.

பூஜை முடிந்தால் குடும்பம் முழுவதும் கம்பெனி ஆபீஸ் அறையில் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது வழக்கம். மதினி பொங்கலும் வடையும் வைத்தாள். பத்திரகாளி விரலில் ஒட்டிய பசையைத் தேய்த்துக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தக் கிடங்கு இருக்குல்ல..."

"ஏத்தா" என்றார் அப்பா. சத்தமாகக்கூட இல்லை. "இலையில கம்பெனிப் பேச்சு கூடாது."

அந்த வீட்டில் அது சட்டம். அப்பாவும் அவருடைய தம்பி அய்யாதுரையும் ஒரு காலத்தில் கூட்டுத்தொழில் செய்தவர்கள். ஒரு நாள் சாப்பாட்டு இலையில் தொடங்கிய கம்பெனிப் பேச்சு முற்றி, சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து மல்லாங்கிணறுக்குப் போனவர்தான். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து கிடையாது. அன்றிலிருந்து இந்த வீட்டில் இலை விரித்தால் தொழில் பேச்சு இல்லை. குடும்பம் ஒன்றாக உட்கார்வதோ இலை விரிக்கும்போது மட்டும்தான்.

"சாப்பிடு காளி, அப்புறம் பேசுவோம்" என்று அண்ணன் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

அவள் அந்த வடையை மென்று விழுங்கினாள். சொல்ல வந்ததையும் சேர்த்துத்தான். அப்புறம் லோடுமேன்கள் வந்தார்கள், அண்ணன் எழுந்து போனான்.

ஆபீசுக்கு வந்து புடவை மாற்றியவள் போனைக் கையில் எடுத்தாள். அண்ணன் பெயரைப் பார்த்தாள். வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். என்ன சொல்வது? சொன்னால் அவன் என்ன கேட்பான்? இன்றைக்கு மட்டும் பேசாமல் இரு, பிறகு ஏதாவது வழி பார்ப்போம் என்று கேட்டுவிட்டால்? அவன் கேட்டு அவள் மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை. மேஜைமேல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கூட்டத்துக்குப் போனாள்.

நகராட்சி மன்றத்தில் உட்கார இடமில்லை. ஐந்து ஊர்த் தலைவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் வியாபாரிகள், அவர்கள் நடுவில் நெற்றிக் குங்குமம்கூட அழியாமல் சரவணக்குமார். அவளைப் பார்த்ததும் கண்ணாலேயே சிரித்தான்.

நகராட்சித் தலைவர் தங்கப்பாண்டியன் எழுந்து மைக்கைத் தட்டினார். பேச்சு நீண்டது. பிறகு சங்கத்தின் சார்பில் சரவணக்குமாரைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நம்ம ஊரு ஒரே சீசனை நம்பிப் பொழைக்குது. சீசன் படுத்தா நாமளும் படுத்துக்கிடுறோம். எங்க பிள்ளைகளாவது கந்தகத்தைத் தொடாமச் சாப்பிடணும். சங்கத்து மகமை இன்னையிலருந்து இந்தக் கூடத்துக்கு. அம்புட்டுத்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். மன்றம் கைதட்டியது.

வங்கியிலிருந்து வந்திருந்த அம்மாள் சென்னைக்காரர். நல்ல மனுஷி. இவ்வளவு அக்கறையாக ஒரு சின்ன ஊர் திட்டம் போட்டு அவர் பார்த்ததில்லையாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டாக வேண்டிய ஒரு கேள்வியை, அவர் சிரித்த முகத்தோடேயே கேட்டார்.

"பத்திரகாளி மேடம், நிலத்தைச் சுற்றி எந்தத் தடையும் இல்லைதானே? சபையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். கூடம் பாதி எழும்பிய பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள். அல்லது கண்டுபிடிக்காமலே போய், ஒரு நாள் பக்கத்துக் கிடங்கில் பொறி விழும். அவளுக்கு மூக்கம்மாளின் சூடத் தட்டு ஞாபகம் வந்தது.

"இருக்கு மேடம்" என்றாள்.

அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கூடத்துக்கு மேற்கால ஒரு வெடிக் கிடங்கு இருக்கு. புதுசு. முறைப்படி அனுமதி வாங்கினது. சட்டப்படி ரெண்டுல ஒண்ணுதான் அங்க இருக்க முடியும். அது... எங்க அண்ணனோட கிடங்கு. நான் இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்."

அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"வேறு இடம்?" என்று கேட்டார் வங்கி அம்மாள்.

"கண்மாய் ஓரம் இருக்கு. அங்க கட்டினா ஊருக்குத் தண்ணி கெடைக்காது. நானே வேண்டாம்னு எழுதினது."

"அப்படியென்றால் இந்தச் சுற்றில் கடன் கொடுக்க முடியாது. ஐந்து ஊருக்கும்தான். அடுத்த சுற்று எப்போது என்று நான் சொல்ல முடியாதும்மா."

மற்ற ஊர்த் தலைவர்கள் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார். "சரவணா, நீ என்னப்பா சொல்ற?"

இத்தனை பேர் முன்னால் அவன் வேறு என்ன சொல்ல முடியும்? கடை கடையாக ஏறி இறங்கி வாக்குக் கொடுத்தவன் அவன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"கூடம் அங்கனயே எழும்பட்டும்."

"அப்ப கிடங்கு?"

"பூட்டிருதேன்."

"கம்பெனி?"

"அதையும்தான் அண்ணாச்சி. அறையில சரக்கு அடுக்க மாட்டேன்னு ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன். கிடங்கை மாத்திக் கட்ட வேற நெலம் எங்கிட்ட இல்ல."

மன்றம் கைதட்டியது. எழுந்து நின்று தட்டினார்கள். தங்கப்பாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்திரகாளிக்கு அந்தக் கைதட்டலைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. மூன்று வருஷமாக அவள் கனவு கண்ட கைதட்டல்தான் அது.

தீர்மானத்தை அவள்தான் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் கார் பக்கத்தில் நனைந்தபடி நின்றான். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அண்ணே..."

"காலையில கிடங்கு முன்னால நின்னப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சு. அதான கல்லைப் பத்திக் கேட்ட?"

அவள் தலையசைத்தாள்.

"அங்கனயே சொல்லியிருக்கலாம்ல, காளி? ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு போன்."

"எடுத்தேண்ணே. பயந்துட்டேன். மறைச்சிருன்னு நீ கேட்டுட்டா, என்னால மாட்டேன்னு சொல்ல முடியாதுண்ணே. நீ கேட்டிருந்தா நான் மறைச்சிருப்பேன்."

சரவணக்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கண் கலங்கியது.

"நான் கேட்டிருப்பேன்னு நெனச்சிட்டியே."

அவன் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"கம்பெனி போனது கூடப் பரவாயில்ல. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு நின்னு சபையில சொல்லியிருப்பேன். தங்கச்சி திட்டத்துக்கு அண்ணன் குடுத்ததுன்னு இருந்திருக்கும். இப்ப பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு."

அவன் கார்க் கதவைத் திறந்தான். ஏறியவன் கண்ணாடியை இறக்கினான். கூப்பிடப்போகிறான் என்று அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அடுத்த வருசம் லேபிள் ஒட்ட வராதன்னு சொல்ல மாட்டேன். வந்தா ஒட்டுறதுக்குப் பெட்டி இருக்காது, அம்புட்டுத்தான்."

கார் போய்விட்டது. பத்திரகாளி நகராட்சி வாசலில் நின்று அழுதாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். திட்டம் ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று யாரோ பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்கள்.

சாயங்காலம் அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். மதினி கதவைத் திறந்து, துண்டை எடுத்துக் கொடுத்தாள். சேதி அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணன் வந்துட்டாகளா மதினி?"

"இல்ல. கம்பெனியிலயும் இல்லையாம். போன் எடுக்க மாட்டேங்காக."

அப்பா பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிடுகிறவர். அவருக்கு இலை போட்டிருந்தது. இரண்டு இட்லி வைத்திருந்தது. இன்னும் தொடவில்லை.

"இங்க வந்து உக்காரு" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கம்பெனி என்னாச்சு? சொல்லு."

பத்திரகாளி திடுக்கிட்டு இலையைப் பார்த்தாள். மதினியும் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் இலைக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை. அவரே கட்டிய வேலியை அவரே பிரித்துவிட்டார். காலையில் பிரித்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்லைப் பார்த்தது, போனை வைத்தது, சபையில் சொன்னது, அண்ணன் கடைசியாகச் சொன்னது. சொல்லி முடித்தபோது இட்லி ஆறிப்போயிருந்தது.

"காலையில பொங்கல் இலையில நீ சொல்ல வந்தது இதைத்தானா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

அவர் கை இலை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மதினியின் போன் அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாமனாரைப் பார்த்தாள்.

"டிரைவர் பேசுதான் மாமா. அவுக மல்லாங்கிணறுல இருக்காகளாம்."

"அங்க யாரு இருக்கா?"

மதினி குரலைத் தாழ்த்தினாள். "அய்யாதுரை மாமா வீட்டுலயாம். உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தி ரொம்ப நேரமாச்சாம்."

சண்முகவேல் இட்லியை ஒரு விள்ளல்கூடத் தொடாமல் இலையை மூடினார். தன் பக்கமாக மூடவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டில் சாப்பிட்டவர்கள் மூடுகிறார்களே, அப்படி எதிர்ப்பக்கமாக மூடினார்.